எண்ணெய் இல்லாமல் வழுக்கும் குட்டிக் கருவி செய்ய

மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவில் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும் பாகம் வேண்டுமா, முதலில் எண்ணெயை மறந்துவிடுங்கள். நீளத்தை ஆயிரத்தில் ஒரு பங்காக்கினால் எடை நூறு கோடியில் ஒரு பங்காகிவிடும், ஆனால் பரப்பு பத்து லட்சத்தில் ஒரு பங்காகத்தான் குறையும். அதனால் அங்கே ஒட்டிக்கொள்வதுதான் பெரிய தலைவலி, எண்ணெயே பசை மாதிரி பிடித்துக்கொள்ளும்.

நான் கிராஃபைட்டைத்தான் சொல்வேன், பென்சிலில் இருக்கும் அதே கரி, அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பது. ஒரே மாதிரி இரண்டு சீப்பைப் பல்லோடு பல் வைத்தால் கோத்துக்கொள்ளும். சாதாச் சீப்பையும் பேன்சீப்பையும் வைத்தால் கோக்காது. அணு அடுக்குகளும் அப்படித்தான். கிராஃபைட் துணுக்கைக் கொஞ்சம் திருப்பி வைத்தால் உராய்வு ஏறக்குறைய மறைந்துவிடுகிறது என்று 2004-இல் நெதர்லாந்தின் லைடனில் அளந்து காட்டினார்கள். 2012-இல் சீனாவின் சிங்ஹுவா பல்கலைக்கழகக் குழு மைக்ரான் அளவிலேயே, திறந்த காற்றில், இதைச் செய்தது.

செய்முறை இதுதான்: அடுக்குகள் ஒழுங்காகப் படிந்த செயற்கை கிராஃபைட்டை வாங்கி, மேலே சிலிக்கான் டை ஆக்சைடு பூசி, 3, 4 மைக்ரான் சதுரங்களாக ஆக்சிஜன் பிளாஸ்மாவில் (மின்னூட்டம் பெற்ற வாயுவில்) அரித்தெடுங்கள். பேராசைப்பட்டுப் பெரிய சதுரம் போடாதீர்கள், உள்ளே படிக எல்லைகள் (ஒரு படிகம் முடிந்து இன்னொன்று தொடங்கும் இடங்கள்) குறுக்கே வந்து மாட்டும்.

அப்புறம் ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும், இதில் சோம்பல் கூடாது. நுண்ணோக்கியின் கீழ் டங்ஸ்டன் ஊசியின் நுனியைச் சதுரத்தின் தலையில் வைத்துப் பக்கவாட்டில் தள்ளுங்கள், மேல்பாதி மட்டும் நகர்ந்து வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். ஊசியைத் தூக்கினால் அது தானாகவே சரக்கென்று பழைய இடத்துக்கு ஓடி வரும்! அப்படித் திரும்பி வருவதைத்தான் எடுத்துக்கொள்ளுங்கள், வராததை விட்டுவிடுங்கள்.

அதை இழுப்பது பரப்பு ஆற்றல், அதாவது வெளியே தெரியும் பரப்பைக் குறைத்துக்கொள்ளப் பார்க்கும் இயல்பு. 4 மைக்ரான் அகலத்துக்குச் சுமார் 1.5 மைக்ரோநியூட்டன், துணுக்கின் எடையைப் போலப் பல லட்சம் மடங்கு. முழுசாக வெளியே போகாதவரை எவ்வளவு தூரம் தள்ளினாலும் விசை மாறாது, அதனால் தனியாக ஸ்பிரிங் வைக்கத் தேவையே இல்லை.

ஒரே ஆபத்து, துணுக்கு சுழன்று அடுக்குகள் நேர்பட்டால் பூட்டிக்கொள்ளும், 60 டிகிரிக்கு ஒரு தடவை அந்தக் கோணம் வரும். சுழலாமல் தடுக்க வழியில்லையென்றால் அடியில் கிராஃபைட் மாதிரியே அறுகோண அடுக்குகள் கொண்ட போரான் நைட்ரைடு போடுங்கள். இரண்டின் அணு இடைவெளிக்கும் சுமார் 1.8 சதவீத வித்தியாசம் இருப்பதால் எந்தக் கோணத்திலும் முழுசாகக் கோத்துக்கொள்ளாது. மிச்சமிருக்கும் உராய்வு பெரும்பாலும் விளிம்பில்தான் இருக்கும், அதனால் அரிப்பு வேலை சுத்தமாக இருக்கட்டும்.