ஃபைண்டர் சின்னது தான், ஆனா இரவு முழுக்க திங்கிறது அது தான்

போன மே மாசம் ஒரு இரவு கொழும்பு வெள்ளவத்தையில எங்கட ஃபிளட் மொட்டை மாடியில நிண்டு ஒரு மணித்தியாலத்துக்கு மேல டெலஸ்கோப்பால ஒமேகா சென்டோரி தேடினன். லட்சக்கணக்கான நட்சத்திரம் ஒண்டா உருண்டு திரண்டு கிடக்கிற கொத்து அது, லண்டன்ல இருக்கிற எங்கட சொந்தக்காரருக்கு அடிவானத்துக்கு மேல வாறதே இல்லை, எங்களுக்கோ தெற்கால 35 பாகை உயரத்தில வந்து நிக்குது, அவ்வளவு அதிர்ஷ்டம் இருந்தும் எனக்குக் கிடைக்கேல்லை. நாலாம் மாடி மாமா தண்ணி டாங்க் பாக்க மேல வந்தவர், "என்ன தம்பி, உதால என்ன பாக்கிறீர்?" எண்டு கேட்டார், நான் "ஒண்டுமில்ல மாமா" எண்டன், உண்மையாவே ஒண்டும் இல்லை.

பிறகு பாத்தா பிழை பெரிய குழாயில இல்லை. எட்டு இஞ்ச் டொப்சோனியன் அது, வடிவா வேலை செய்யுது. பிழை முழுக்க அதின்ர முதுகில ஒட்டிக்கொண்டு இருக்கிற 8×50 ஃபைண்டர்லயும் (குறிபாத்துத் தேடுறதுக்கு இருக்கிற குட்டி டெலஸ்கோப், 8 மடங்கு பெரிசாக்கும், முன்வில்லை 50 மிமீ), அதை ஒரு துணைச் சாமான் மாதிரி நினைச்ச என்னிலயும் தான். புதுசா டெலஸ்கோப் வாங்கிற ஆக்கள் "ஒண்டும் தெரியுதில்லை, ஏமாத்திப்போட்டாங்கள்" எண்டு சொல்லேக்க நான் இப்ப முதல் கேக்கிறது ஃபைண்டரை என்ன செய்தனீங்கள் எண்டு தான்.

ஏன் அது இவ்வளவு முக்கியம் எண்டா, என்ர டெலஸ்கோப்பில 25 மிமீ ஐபீஸ் (கண் வைக்கிற வில்லை, மிமீ குறையக் குறைய பெரிசாக் காட்டும்) போட்டா 48 மடங்கு, தெரியிற வானம் ஒரு பாகை அகலம், நிலா ரெண்டை பக்கத்துப் பக்கத்தில வைச்ச அளவு. ஃபைண்டர்ல அஞ்சாறு பாகை தெரியும். கொழும்பு வானத்தில வெறுங்கண்ணுக்கு விரல் விட்டு எண்ணுற அளவு நட்சத்திரம் தான், அதால சிவப்புப் புள்ளி காட்டுற ரெட் டொட் ஃபைண்டர் மட்டும் வைச்சுக்கொண்டு இஞ்ச பெருசா ஒண்டும் ஏலாது, புள்ளியைக் கொண்டுபோய் வைக்கிறதுக்கு அங்க ஒரு நட்சத்திரம் தெரியவேணுமே. வில்லை போட்ட ஃபைண்டர் தான் எங்களுக்கு, நகரத்து வெளிச்சத்தைத் தாண்டி கொஞ்சம் கூடக் காட்டும். அதுக்காக பெட்டியோட வாற 5×24 எண்ட பிளாஸ்ரிக் குழாயை நான் சொல்லேல்லை, அதுகளில பலதுக்கு உள்ளுக்க ஒரு வளையத்தைப் போட்டு 24 மிமீ வில்லையை 10 மிமீ அளவுக்கு அடைச்சு விட்டிருக்கும், அதோட மல்லுக்கட்டுறதை விட கழட்டி வைச்சிட்டு 6×30 ஒண்டு வாங்குங்கோ.

சரி, முதல் பிழை ஃபோக்கஸ். ஃபைண்டர்ல ஃபோக்கஸ் பண்ண திருகாணி ஒண்டும் காணேல்லை எண்டு கனபேர் அப்படியே மங்கலாப் பாத்துக்கொண்டு இருக்கினம், நானும் ஆறு மாசம் அப்படித்தான். முன்னுக்கு இருக்கிற பெரிய வில்லைக் கூட்டுக்குப் பின்னால ஒரு மெல்லிய வளையம் இருக்கும், லொக் ரிங் அது. அதை இளக்கிப்போட்டு முன்வில்லைக் கூட்டையே சுத்தவேணும், நட்சத்திரம் ஊசிமுனை மாதிரி வந்த உடன லொக் ரிங்கைத் திரும்ப இறுக்கினா சரி, பிறகு வருசக்கணக்கா தொடத்தேவையில்லை. கண் வைக்கிற பக்கத்துச் சின்ன வில்லை, ஃபைண்டருக்குள்ள கூட்டல் குறி மாதிரித் தெரியிற குறுக்குக்கம்பியைத் தெளிவாக்கிறதுக்கு, முதல் கம்பியைத் தெளிவாக்கிப்போட்டு பிறகு தான் முன்வில்லைக்குப் போறது. கண்ணாடி போடுற ஆக்கள் கண்ணாடியோட பாக்கிறதா கழட்டிப்போட்டுப் பாக்கிறதா எண்டு முதலே முடிவெடுங்கோ, ஒரு நாளைக்கு ஒரு மாதிரி வேண்டாம்.

அடுத்தது தான் பெரிய பகுதி, ஃபைண்டரையும் பெரிய குழாயையும் ஒரே இடத்தைப் பாக்க வைக்கிறது. இதை இருட்டில செய்யாதீங்கோ. வெளிநாட்டுப் புத்தகங்கள் எல்லாம் துருவ நட்சத்திரத்தை வைச்சுச் செய்யுங்கோ, அது அசையாது எண்டு சொல்லும், அது அவையளுக்கு. கொழும்பில துருவ நட்சத்திரம் ஏழு பாகை உயரத்தில, எவரோ கட்டுற புதுக் கட்டடத்துக்கும் புகைக்கும் பின்னால நிக்குது, நான் இன்னும் ஒருக்காலும் கண்டதில்லை. வேற நட்சத்திரம் எண்டா அது நகர்ந்துகொண்டே இருக்கும், நீங்க திருகாணியோட மல்லுக்கட்ட முதல் நாலு நிமிசத்தில ஐபீஸின்ர ஒரு ஓரத்தால வந்து மற்ற ஓரத்தால போயிடும். போயா (பௌர்ணமி) நாள் லீவு தானே எண்டு நிலாவை வைச்சுச் செய்யிற ஆக்களும் இருக்கினம், நிலா அரைப் பாகை அகலம், அவ்வளவு பெரிய சாமானின்ர "நடு" எது எண்டு கண் சும்மா பொய் சொல்லும்.

பகல்ல செய்யுங்கோ, பின்னேரம் வெயில் தாழ முதல். எனக்கு வாய்ச்சது தாமரைக் கோபுரம், 350 மீற்றர் உயரம், எங்கட மாடியில இருந்து வடக்கால கிட்டத்தட்ட ஆறு கிலோமீற்றர், உச்சியில இருக்கிற கம்பம் இதுக்கெண்டே நட்டுவிட்ட மாதிரி. முதல் பெரிய டெலஸ்கோப்பில 25 மிமீ போட்டு கம்பத்தின்ர நுனியை நடுவில கொண்டுவாங்கோ, கோபுரம் தலைகீழாத் தான் தொங்கும், அது அப்படித்தான். பிறகு குழாயைத் தொடவே கூடாது, ஃபைண்டர் திருகாணியை மட்டும் திருகி குறுக்குக்கம்பி அதே நுனியில விழுற மாதிரி செய்யவேணும். கனபேர் இதை மாறிச் செய்யினம், முதல் ஃபைண்டர்ல நடுவுக்குக் கொண்டு வந்திட்டு பெரிசில தேடுறது, ஃபைண்டரே பிழையா நிக்கேக்க அதை நம்பித் தேடினா எப்பிடிக் கிடைக்கும்? 25ல சரி வந்த உடன முடிஞ்சுது எண்டு கீழ இறங்காதீங்கோ, 10 மிமீ போட்டு இன்னொருக்கா செய்யுங்கோ, அப்ப தான் உண்மையான நடு.

கிட்ட இருக்கிற சாமானை வைச்சும் செய்யாதீங்கோ, இது எனக்கு நடந்தது. முதல் தரம் நான் பிடிச்சது எதிர் ஃபிளட் பல்கனியில இருந்த டிஷ் அன்ரனா, ஒரு 50 மீற்றர் இருக்கும். எல்லாம் அச்சொட்டா வந்தது, இரவு வியாழனைப் பிடிச்சா 25ல ஓரமாத் தெரியுது, 10 போட்டா ஆளைக் காணேல்லை. ஏனெண்டா என்ர ஃபைண்டருக்கும் பெரிய குழாய்க்கும் நடுக்கு நடு 20 சென்ரிமீற்றர் இடைவெளி, 50 மீற்றர்ல ரெண்டும் ஒரே புள்ளியைப் பாக்கவேணும் எண்டா ஒண்டையொண்டு பாத்துச் சரிஞ்சு நிக்கவேணும், அந்தச் சரிவு கிட்டத்தட்ட கால் பாகை, அரை நிலா அளவு. ஆறு கிலோமீற்றர்ல அதே 20 சென்ரிமீற்றர் கணக்கிலயே இல்லை. ஒரு கிலோமீற்றருக்கு மேல எண்டா எதுவும் பரவாயில்லை, ரெலிகொம் கோபுரம், தேவாலய உச்சி, எது தெரியுதோ அது, கோல்ஃபேஸ் பக்கம் நிக்கிற கப்பலை மட்டும் வேண்டாம், நங்கூரம் போட்டாலும் மெல்ல மெல்லத் திரும்பும்.

திருகாணியை மரத்தில ஆணி அடிக்கிற மாதிரி இறுக்காதீங்கோ. மூண்டு திருகாணி இருக்கிறதில ஒண்டை இறுக்க முதல் மற்றதை இளக்கவேணும், ரெண்டு திருகாணியும் ஒரு ஸ்பிரிங்கும் இருக்கிறது எண்டா வேலை லேசு. அந்த ஸ்பிரிங் வகைக்கு முன்பக்கத்தில ஒரு கறுப்பு ரப்பர் வளையம் வரும், ஃபைண்டரில இருக்கிற பள்ளத்தில அதைப் போட்டுப்போட்டுத் தான் கூட்டுக்குள்ள செருகிறது, கனபேர் அதை பக்கிங் சாமான் எண்டு எறிஞ்சிட்டு "ஆடுது ஆடுது" எண்டு அழுவினம். த்ரீவீல்ல ஏத்தி எங்கயாவது கொண்டுபோனா இறக்கின உடன சிரியஸ் மாதிரி ஒரு வெளிச்சமான நட்சத்திரத்தைப் பிடிச்சு ஒருக்கா சரிபாருங்கோ, எங்கட றோட்டுகளைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

இப்ப ஒமேகா சென்டோரிக்கு வாறன். சென்டோரஸ் நட்சத்திரக் கூட்டத்தில ஸீட்டா எண்டு ஒரு நட்சத்திரம், கொழும்பிலயும் வெறுங்கண்ணுக்குத் தெரியும். அதில இருந்து மேற்கால அஞ்சு பாகைக்கு ஒரு சொட்டுக் குறைய போனா ஒமேகா. என்ர ஃபைண்டர்ல ஸீட்டாவை ஒரு ஓரத்தில வைச்சா மற்ற ஓரத்தில ஒமேகா வந்து நிக்கவேணும், இவ்வளவு தான் வேலை. தெற்கைப் பாத்து நிக்கிறன், மேற்கு என்ர வலக்கைப் பக்கம், கடல் சத்தம் வாற பக்கம், அதால ஃபைண்டர்லயும் வலப்பக்கம் தேடினன். நேரா பாக்கிற ஃபைண்டர் படத்தை 180 பாகை திருப்பிக் காட்டும், மேல கீழயாகும், வலம் இடமாகும். ஒமேகா அந்த ஒரு மணித்தியாலமும் இடப்பக்கம் இருந்திருக்கு.

இதுக்கு ஒரு நல்ல வழி, போன்ல இருக்கிற வான வரைபடத்தை தலைகீழாப் பிடிக்கிறது, ஒட்டோ ரொட்டேற்றை நிப்பாட்டிப்போட்டு. அப்ப வரைபடமும் ஃபைண்டரும் ஒண்டு போல இருக்கும். ஆனா 90 பாகை வளைஞ்ச ஃபைண்டர்ல சாதாரண கண்ணாடி போட்டது எண்டா மேல கீழ சரியா இருக்கும், இடம் வலம் மட்டும் மாறும், அதுக்கு போனை எந்தப் பக்கம் திருப்பினாலும் பொருந்தாது, பொருந்தவே பொருந்தாது, ஸ்ரெல்லாரியம் எண்ட வான வரைபட மென்பொருள் கொம்பியூட்டர்ல இருந்தா அதில படத்தை இடம் வலமாப் புரட்டிற வசதி இருக்கு, அதைப் புரட்டிப்போட்டு ஒரு படம் எடுத்து வைச்சுக்கொள்ளுங்கோ. அமிச்சி ப்ரிஸம் போட்டது எண்டா எல்லாம் சரியாத் தெரியும், விலை கூட, ஆனா காசு இருந்தா அதைத் தான் நான் வாங்கச் சொல்லுவன். எந்த ஃபைண்டர் எண்டாலும் திசை குழம்பினா கையை எடுத்திட்டு ஒரு ரெண்டு மூண்டு நிமிசம் சும்மா பாருங்கோ, குறுக்குக்கம்பியில இருந்த நட்சத்திரம் எந்தப் பக்கம் நழுவுதோ அது மேற்கு. பூமி சுத்துறது பொய் சொல்லாது.

நேரா பாக்கிறதுக்கு ஒரு வசதியும் இருக்கு, ரெண்டு கண்ணையும் திறந்து வைச்சுக்கொண்டு பாக்கலாம், ஒரு கண் வானத்தில நட்சத்திரத்தைப் பாக்கும், மற்றக் கண் குறுக்குக்கம்பியைப் பாக்கும், ரெண்டும் ஒண்டா சேருற வரைக்கும் குழாயை அசைக்கிறது. ஒற்றைக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு துழாவிறது தான் பிழை. ஆனா இந்த வசதி எல்லாம் உச்சிக்குப் போன உடன முடிஞ்சுது. கொழும்பு நிக்கிறது வடக்கு 6.9 பாகையில, திருவாதிரை நட்சத்திரம் நிக்கிறது வான நடுக்கோட்டில இருந்து வடக்கால 7.4 பாகையில, எண்டா மார்கழியில கோயில்ல திருவெம்பாவை ஓதுற நாட்களில நடுச்சாமத்துக்கு திருவாதிரை எங்கட உச்சந்தலைக்கு நேர மேல, ஒரு நிலா அகலம் அளவு மட்டும் விலத்தி நிக்கும். அதை நேரா பாக்கிற ஃபைண்டரால பாக்கவேணும் எண்டா நீங்க நிலத்தில முழங்கால் குத்தி கழுத்தைப் பின்னால மடிச்சு, சொல்லவே கழுத்து நோகுது. ஓரியன் முழுக்க இஞ்ச அப்படித்தான் உச்சியில போகும், அதால ரெண்டு மணித்தியாலம் பொறுத்து அது மேற்கால சரிஞ்ச பிறகு பாக்கிறது தான் புத்தி, இல்லாட்டி வளைஞ்ச ஃபைண்டர். வளைஞ்சதில கஷ்டம் என்னெண்டா குழாய் எங்க பாக்குது எண்டே தெரியாது, முதல் குழாயின்ர முதுகோட கண்ணை வைச்சு துவக்கு குறிபாக்கிற மாதிரி ஒருக்கா பாத்திட்டு பிறகு ஃபைண்டருக்குள்ள போங்கோ.

சூரியன். இதில பகிடி இல்லை. 2019 டிசம்பர் 26 கங்கண கிரகணம், யாழ்ப்பாணத்தில நெருப்பு வளையம், கொழும்பில ஒரு பகுதி தான். நான் பெரிய குழாய்க்கு முன்னால சூரிய ஃபில்டர் வடிவாக் கட்டினன், ஃபைண்டரை மறந்திட்டன். ஃபைண்டரின்ர கண்வில்லையால வந்த வெளிச்சம் என்ர சேர்ட் கையில ஒரு சின்ன வட்டமா விழுந்து சுட்ட பிறகு தான் விளங்கினது. 50 மிமீ வில்லையில விழுற வெயில் முழுக்க 6 மிமீ வட்டத்துக்குள்ள ஒடுங்கி வருது, எட்டை எட்டால பெருக்கிப் பாருங்கோ, 64 மடங்கு. பக்கத்தில அக்காவின்ர மகன், ஏழு வயசு, ஃபைண்டர் அவன்ர கண் உயரத்துக்கு சரியா நிக்குது. இப்ப சூரியன் பாக்கிற நாள் எண்டா ஃபைண்டரைக் கழட்டி வீட்டுக்குள்ளயே வைச்சிட்டு தான் மேல வாறன், மூடி போட்டா எந்தப் பிள்ளையும் கழட்டும். சூரியனைப் பிடிக்க ஃபைண்டர் தேவையும் இல்லை, குழாயின்ர நிழல் நிலத்தில ஆகச் சின்னனா வாற மாதிரி திருப்பினா காணும்.

குறுக்குக்கம்பி பற்றி ஒரு சின்ன விசயம். கொழும்பில வானமே மஞ்சளா இருக்கிறதால கம்பி கறுப்பா எடுப்பாத் தெரியும், இந்த ஊர் வெளிச்சத்தால கிடைச்ச ஒரே நன்மை. மன்னார்ப் பக்கம் இருட்டில போய் வைச்சா கம்பியைக் காணேல்லை, உடைஞ்சு போச்சோ எண்டு பயந்திட்டன். சிவப்பு டோர்ச்சை முன்வில்லைக்குப் பக்கத்தால லேசாக் காட்டினா தெரியும்.

கடைசியா ஏசி. ஏசி அறையில வைச்சிருந்த ஃபைண்டரை நேர மாடிக்குக் கொண்டுபோனா எங்கட ஈரக்காத்துக்கு ஒரு நிமிசத்தில ரெண்டு வில்லையும் பால் மாதிரி வெளிறிப்போகும். உடன சாரத்தால, ரீசேர்ட்டால துடைக்கிறது தான் எல்லாரும் செய்யிறது, வெள்ளவத்தையில காத்தில உப்பும் தூசியும் சேர்ந்திருக்கும், துடைக்கேக்க அது வில்லையில கோடு கீறும். மூடியோட அரை மணித்தியாலம் முதலே வெளியில வையுங்கோ, சூடு ஒத்துவந்த உடன பனி தானாப் போகும். முடிச்ச பிறகு ஈரத்தோட மூடியைப் போட்டு அலுமாரிக்குள்ள தள்ளாதீங்கோ, வில்லைக்கு உள்பக்கம் சிலந்திவலை மாதிரி பூஞ்சணம் பிடிக்கும், என்ர பழைய 6×30க்கு அப்படித்தான் போனது. இப்ப ஒரு பிளாஸ்ரிக் டப்பா, இறுக்கி மூடுறது, சப்பாத்துப் பெட்டியளில வாற சிலிக்கா ஜெல் பைக்கற்றுகளை சேர்த்து உள்ளுக்க போட்டு வைச்சிருக்கிறன், அம்மா அதை ஏதோ மருந்து எண்டு ரெண்டு தரம் எறிஞ்சிட்டா.