கொழுந்து நிறையைத் திருத்தியது யார்? ஈஆர்பிநெக்ஸ்டில் ஓடிட் லொக் அமைப்பது எப்படி

ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் முழுச் சம்பளத்துக்கு, 18 கிலோ கொழுந்து என்று வைத்திருக்கும் தேயிலைத் தோட்டத்தில் 18.2 என்ற நிறை 17.2 ஆனால் முழுப் பேர் அரைப் பேராகிவிடும். திருத்தியவர் விட்டுப்போன தண்ணீர்க் கழிவைச் சேர்த்திருக்கலாம், விரல் தவறி அடித்திருக்கலாம், வேண்டுமென்றே குறைத்தும் இருக்கலாம். பழைய எண் அழிந்து புதியது மட்டும் மிஞ்சினால், சம்பள நாளில் ஒபிஸ் வாசலில் வந்து கேட்பவருக்குக் காட்ட எதுவும் இருக்காது. எந்தப் பதிவு, எந்த எண், எதிலிருந்து எதற்கு, யார், எப்போது என்ற ஐந்தையும் பிடித்து வைப்பதுதான் ஓடிட் லொக் என்ற மாற்றப் பதிவேட்டின் வேலை. அதை ஈஆர்பிநெக்ஸ்ட் என்ற நிர்வாக மென்பொருளில் அமைப்பதைப் பார்ப்போம்.

முதலில் எதைக் கண்காணிப்பது என்று முடிவு செய்யுங்கள். எல்லாப் படிவத்திலும் போட்டுவிட்டால் லொக் குப்பைமேடாகும், யாரும் பார்க்கமாட்டார்கள். செக்ரோல் (வரவு, சம்பளப் பதிவேடு) வேலைக்கு மூன்று படிவங்கள் போதும்: கொழுந்து நிறுவை (நிறை, கழிவு, மலை நம்பர்), வரவு (முழுப் பேர், அரைப் பேர்), தொழிலாளி விபரம் (வங்கிக் கணக்கு, சேமலாப நிதி எண், முற்பணக் கழிப்பு). கடைசியில் சொன்னதில் வங்கிக் கணக்கு எண் மாறினால் ஒரு மாதச் சம்பளமே வேறிடம் போகும். அதனால் தொடங்குவதென்றால் அங்கிருந்தே தொடங்குங்கள்.

மென்பொருளோடு வந்த படிவம் என்றால், உதாரணமாக ‘எம்ப்ளோயி’, தேடல் பெட்டியில் ‘கஸ்டமைஸ் ஃபோர்ம்’ என்று அடித்து, படிவத்தைத் தெரிவு செய்து, ‘டிராக் சேஞ்சஸ்’ பெட்டியில் சரி போட்டு ‘அப்டேட்’ அழுத்தவும். கொழுந்து நிறுவை போல நீங்களே உருவாக்கிய படிவத்தை அந்தத் திரை ஏற்காது. அதற்கு ‘டாக்டைப்’ என்ற படிவ வகைகளின் பட்டியலில் அந்தப் படிவத்தையே திறந்து, அதன் அமைப்புகளில் அதே பெட்டியைத் தொட வேண்டும். பலரும் இங்கேதான் மணிக்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள்.

சோதித்துப் பாருங்கள். 214ஆம் இலக்கத் தொழிலாளியின் நிறையை 18.2இலிருந்து 17.2 ஆக்கிச் சேமித்தால், பக்கத்தின் அடியில் உள்ள காலவரிசையில் பெயரும் பழைய எண்ணும் புதிய எண்ணும் வரும். எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்க, ஒவ்வொரு திருத்தமும் சேரும் ‘வேர்ஷன்’ பட்டியலைத் திறந்து படிவத்தின் பெயராலும் திகதியாலும் வடிகட்டலாம்.

இனி, லொக் பிடிக்காதவை. பெட்டியில் சரி போட்டதும் எல்லாம் பதிவாகும் என்று நினைக்கவேண்டாம்.

முதல் தடவை பதிவதற்கு ‘வேர்ஷன்’ கிடையாது. உருவாக்கியவர் பெயரும் நேரமும் மட்டுமே பதிவில் இருக்கும். தொடக்கத்திலேயே பிழையாக அடித்த எண்ணை லொக் காட்டிக்கொடுக்காது. அதற்கு மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டகையில்) எழுதிய நிறுவைச் சீட்டோடு ஒப்பிடுவதைத் தவிர வழியில்லை. சீட்டை வீசிவிடாதீர்கள்.

ஸ்கிரிப்ட் எழுதுபவர் ‘செட் வேல்யூ’ கட்டளையால் டேட்டாபேஸில் நேரே மாற்றினாலும் தடயம் விழாது. பதிவைத் திறந்து ‘சேவ்’ செய்யும் முறையில்தான் விழும். மாதக் கடைசியில் ‘பேர் கணக்குச் சரிசெய்தல்’ என்று யாராவது ஸ்கிரிப்ட் ஓட்டுவதாக இருந்தால் அதில் எந்த முறை இருக்கிறது என்று முன்னரே கேளுங்கள். அழித்த பதிவை ‘டிலீட்டட் டொக்யுமென்ட்’ பட்டியலில் தேடலாம், அங்கிருந்தே மீட்கவும் முடியும்.

காரணமும் தானாக வராது. ‘திருத்தக் காரணம்’ என்று ஒரு புலம் (நிரப்பும் இடம்) சேர்த்து அதைத் தெரிவுப் பட்டியலாக்குங்கள்: தண்ணீர்க் கழிவு, ஆள் மாறிப் பதிந்தது, தராசுப் பிழை, வேறு. வெறும் எழுத்துப் பெட்டி வைத்தால் புள்ளியொன்று வைத்துவிட்டுப் போவார்கள். இதிலும் ஒரு சிக்கல் உண்டு: அதே பதிவை இரண்டாம் முறை திருத்தும்போது பழைய காரணமே அப்படியே நிற்கும். எண் மாறியும் காரணம் மாறாத பதிவை வாரச் சோதனையில் தனியாகப் பாருங்கள்.

மலைநாட்டில் மறக்கக்கூடாதது நேரம். மேல் மலையில் சிக்னல் இல்லாமல் போனில் பதிந்து, ஒபிஸுக்கு வந்ததும் ஏற்றினால், காலை 11.30 நிறைக்கு சர்வர் மாலை 6.45 என்றே நேரம் போடும். பிறகு லொக்கைப் பார்ப்பவர் இரவில் திருகியதாகச் சந்தேகிப்பார். போன் தரும் நேரத்தை ‘நிறுவை நேரம்’ என்று தனிப் புலத்தில் சேமிக்கவும். சர்வர் தோட்டத்திலேயே இருந்தால் கரண்ட் போய் வந்தபின் கடிகாரம் பின்னால் ஓடியிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் மதர்போர்டிலுள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரி செத்திருக்கும். நேரவலயம் ‘ஏசியா/கொலம்போ’ என்றிருக்க வேண்டும்.

பொதுப் பாஸ்வேர்ட் இருந்தால் மேலே சொன்ன எதற்கும் பயனில்லை. ஒரே கணக்கில் கணக்கப்பிள்ளையும் இரண்டு கிளாக்கர்மாரும் நுழைந்தால் ‘யார்’ என்ற பகுதி பொய்யாகிவிடும். ஆளுக்கொரு கணக்கு கொடுத்து, ‘சிஸ்டம் செட்டிங்ஸ்’ பக்கத்தில் ஒருவர் ஒரே நேரத்தில் ஓரிடத்தில் மட்டுமே நுழையும் தெரிவை இயக்குங்கள். ‘சிஸ்டம் மனேஜர்’ பொறுப்பைச் சம்பளம் போடுபவருக்குக் கொடுக்கவேண்டாம். அந்தப் பொறுப்பு உள்ளவரால் கண்காணிப்பையே நிறுத்திவிட முடியும்.

சொந்தமாக எழுதிய மென்பொருள் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஓடுகிறதென்றால் டிரிகர் (தரவு மாறும்போது தானாக ஓடும் கட்டளை) போடுங்கள். லொக் அட்டவணையில் அட்டவணைப் பெயர், பதிவு எண், செயல், பழைய வரி, புதிய வரி, பயனர், நேரம் ஆகியவை இருக்கட்டும். பழைய வரியும் புதியதும் ஒன்றாக இருந்தால் எழுதாதபடி நிபந்தனை வையுங்கள். ‘சேவ்’ பொத்தானை வெறுமனே அழுத்தியதற்கெல்லாம் வரி விழக்கூடாது. மென்பொருள் ஒரே டேட்டாபேஸ் பயனராக இணைவதால் அந்தப் பெயர் உதவாது. உள்ளே நுழைந்தவரின் பெயரை ஒவ்வொரு பரிமாற்றத்திலும் செஷன் மாறியாக (அந்த இணைப்புக்கு மட்டும் நிற்கும் தற்காலிக மதிப்பாக) அனுப்பி, டிரிகர் அதை வாசிக்கச் செய்யுங்கள். வரிக்கு வரி ஓடும் டிரிகர் அட்டவணை முழுவதையும் ஒரேயடியாகக் காலிசெய்யும் ‘டிரங்கேட்’ கட்டளையைப் பார்க்காது, அதற்குத் தனி டிரிகர் வேண்டும். லொக் அட்டவணையைத் திருத்தவும் அழிக்கவும் உள்ள அனுமதியை மென்பொருளின் பயனரிடமிருந்து எடுத்துவிடுங்கள்.

அடையாள அட்டை எண்ணும் வங்கிக் கணக்கும் லொக்கிற்குள்ளும் படியும் என்பதால் பார்ப்பவர் பட்டியலைச் சுருக்குங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் மனதில் வையுங்கள்.

லொக் இருப்பது அதே டேட்டாபேஸில்தான். ஆகவே இரவுப் பிரதி (பெக்கப்) வேறு இடத்துக்குப் போகிறதா, அதை எடுத்துவைப்பவர் சம்பளக் கிளாக்கர் அல்லாத ஒருவரா என்று பாருங்கள். சம்பளம் போட 2 நாள் முன்பு ‘வேர்ஷன்’ பட்டியலில் மூன்றை மட்டும் தேடினால் போதும்: 18 கிலோ எல்லையைத் தாண்டிய அல்லது அதற்குக் கீழே இறங்கிய நிறைகள், மாதம் முடிந்தபின் செய்த திருத்தங்கள், மாறிய வங்கிக் கணக்குகள். கடைசியில் சொன்னவற்றுக்கு ஒவ்வொரு தொழிலாளியையும் நேரில் கூப்பிட்டுக் கேட்டுவிட்டுத்தான் பணம் அனுப்பவேண்டும்.