எண் வரிசையில் ஒளிந்திருக்கும் விதியைப் பிடிப்பது எப்படி?

4, 7, 13, 25, 49... அடுத்து என்ன வரும்? இந்த மாதிரிப் புதிர்களை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் விடை வந்துவிடும் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். வராது, எழுதினால்தான் வரும். கட்டம் போட்ட நோட்டும் பென்சிலும் போதும். கால்குலேட்டர் வேண்டவே வேண்டாம், எண்களுக்கு நடுவே இருக்கும் உறவு கையால் கழித்துப் பார்க்கும்போதுதான் கண்ணில் படுகிறது.

முதலில் எண்களை நன்றாக இடம்விட்டு ஒரே வரியில் எழுதுங்கள். அடுத்தடுத்த எண்களின் வித்தியாசத்தைக் கீழ்வரியில், இரண்டுக்கும் நடுவே வருகிற மாதிரி எழுதுங்கள். மேலே உள்ளதற்கு 3, 6, 12, 24 என்று வரும். இரட்டிப்பாகிக்கொண்டே போகிறது, ஆக அடுத்த வித்தியாசம் 48, விடை 97. அந்த வரியிலும் ஒன்றும் பிடிபடவில்லை என்றால் அதற்கும் வித்தியாசம் எடுங்கள்.

3, 20, 6, 17, 9, 14 போன்ற வரிசையில் ஒரு தடவை கூடுகிறது, மறுதடவை குறைகிறது. இப்படி ஏறி இறங்கினால் ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிரித்துப் பாருங்கள். 3, 6, 9 ஒன்று, 20, 17, 14 இன்னொன்று. விடை 12.

சரி, விதி கிடைத்துவிட்டது. இங்கேதான் நிற்கக்கூடாது, நான் சறுக்கியது இந்த இடத்தில்தான். 1, 2, 4, 8, 16 என்று பார்த்ததும் யோசிக்காமல் 32 என்று எழுதினேன். விடை 31 என்று போட்டிருந்தது. அச்சுப்பிழை என்றே நினைத்தேன். வட்டத்தின் விளிம்பில் புள்ளிகள் வைத்து, எல்லாவற்றையும் ஒன்றோடொன்று கோட்டால் இணைத்தால் வட்டம் அதிகபட்சம் எத்தனை துண்டாகும் என்பதுதான் அந்த வரிசையாம். நம்பாமல் காம்பஸ் எடுத்து வட்டம் போட்டு, ஆறு புள்ளிகளைச் சம இடைவெளியில் வைத்து எண்ணினால் 30தான் வந்தது! பார்த்தால், நடுவில் மூன்று கோடுகள் ஒரே இடத்தில் வெட்டிக்கொண்டிருந்தன. ஒரு புள்ளியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டதும் அந்த இடத்தில் குட்டியாக ஒரு முக்கோணம் திறந்தது. 31. அப்புறம் வித்தியாசம் எடுத்துக்கொண்டே போனால் நான்காவது வரியில் 1, 1 என்று நின்றது, அதை வைத்து மேலே ஏறினால் அடுத்த எண் 57.

அதனால் கண்டுபிடித்த விதியை உடைத்துப் பார்க்க வேண்டும். 1960இல் பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் 2, 4, 6 என்று கொடுத்து, வேறு மூன்று மூன்று எண்களாகச் சொல்லி, அவை பொருந்துமா என்று 'ஆம்', 'இல்லை' பதில் வாங்கி, தன் மனதில் இருந்த விதியைக் கண்டுபிடிக்கச் சொன்னார். பலரும் 8, 10, 12 போலத் தங்கள் ஊகத்துக்குப் பொருந்துவதையே சொல்லிச் சொல்லி ஏமாந்தார்கள். உண்மையான விதி 'ஏறுவரிசையில் இருக்க வேண்டும்', அவ்வளவுதான். 1, 2, 3 என்று ஒருமுறை கேட்டிருந்தாலே இரட்டை எண் ஊகம் விழுந்திருக்கும். ஆளைக் கேட்க முடிகிற விளையாட்டென்றால் உங்கள் விதிப்படி 'இல்லை' என்று வர வேண்டியதைக் கேளுங்கள். தாளில் உள்ள புதிரென்றால் கடைசி இரண்டு எண்களைக் கையால் மறைத்துக்கொண்டு, மிச்சத்தை வைத்தே விதியைக் கண்டுபிடியுங்கள். மறைத்தவை இரண்டும் சரியாக வந்தால்தான் நான் அந்த விதியை ஏற்கிறேன்.

எதுவுமே சரிவராதபோது எண் வரிசைகளின் இணையக் கலைக்களஞ்சியத்தில் (OEIS) தேடலாம், கணிதவியலாளர் நீல் ஸ்லோன் 1964இல் சேகரிக்கத் தொடங்கியது அது. ஆனால் முதலிலேயே அங்கே போகாதீர்கள், பழக்கமே வராது.

பிற்சேர்க்கை: 1, 11, 21, 1211 என்ற வரிசையில் இந்த முறை வேலை செய்யவில்லை என்று சிலர் கேட்டிருந்தார்கள். உண்மைதான், வித்தியாசம் 10, 10, 1190 என்று வந்து ஒன்றும் சொல்லாது. இங்கே ஒவ்வொரு எண்ணும் முந்தையதைப் படித்துக் காட்டுகிறது: 21ஐ 'ஒரு இரண்டு, ஒரு ஒன்று' என்று படித்தால் 1211. அடுத்தது 111221. எண்கள் சட்டென்று நீண்டு, இலக்கங்கள் மட்டும் 1, 2, 3ஐத் தாண்டாமல் இருந்தால் கழிப்பதை விட்டுவிட்டு வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.