மதுரையில் பெண்கள் கால்பந்துக் கழகம் தொடங்குகிறீர்களா? முதல் மூன்று ஆண்டுகளில் செய்யக் கூடாதவை

2019 மே மாதம் லூதியானாவில் நடந்த இந்திய மகளிர் லீக் இறுதி ஆட்டத்தில், மதுரையின் சேது எஃப்.சி. மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று கோப்பையைத் தூக்கியது. கழகம் பிறந்தது 2016இல். மூன்றே ஆண்டு. அந்தச் செய்தி வந்த வாரத்திலிருந்து என்னிடம் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: "நாமும் ஒரு பெண்கள் டீம் ஆரம்பித்தால் என்ன?" கேட்டவர்களில் நகைக்கடைக்காரர் உண்டு, ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் உண்டு, அரிசி மண்டிக்காரர் ஒருவரும் உண்டு. ஊருக்கு வெளியே ஒரு சிறிய பெண்கள் அணியின் கணக்கு நோட்டையும் பந்து மூட்டையையும் பல ஆண்டுகளாகச் சுமப்பவன் என்பதால் என்னைத் தேடி வருகிறார்கள். நல்ல யோசனைதான் என்று சொல்லிவிட்டு, செய்யக் கூடாதவற்றைச் சொல்லத் தொடங்குவேன். பாதிப் பேர் டீ ஆறுவதற்குள் எழுந்துவிடுவார்கள்.

முதல் தவறு அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. ஒரு போட்டிக்காகப் பதினெட்டு இருபது பெண்களைத் திரட்டினால் அது டீம். அடுத்த போட்டி எப்போது என்றே தெரியாத ஒரு ஜூன் மாதச் செவ்வாய்க்கிழமை மாலையிலும் மைதானத்தில் பந்து உருண்டால்தான் அது கழகம். நம் பக்கத்தில் டீம்களுக்குப் பஞ்சமே இல்லை. கோப்பைக்கு ஒரு மாதம் முன்னால் முளைத்து, தோற்ற மறுநாள் சீருடையைத் துவைத்து மடித்து வைத்துவிட்டுக் கலைந்துபோனவற்றை விரல் விட்டு எண்ணினால் இரண்டு கையும் போதாது.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு காரணம் உண்டு. இந்திய மகளிர் லீக் 2016-17இல் தொடங்கியதிலிருந்து சில ஆண்டுகளுக்கு முன்வரை, இறுதிச் சுற்றை ஒரே ஊரில் கூட்டி நடத்தினார்கள். லூதியானா, புவனேஸ்வரம், அகமதாபாத் என்று இடம் மாறும். எல்லாக் கழகங்களும் அங்கே போய்ச் சில வாரம் தங்கி ஆடிவிட்டுத் திரும்பும். ஆகவே செலவு என்றாலே ரயில் டிக்கெட், அறை வாடகை, சாப்பாடு என்று மூன்று வாரக் கணக்காகவே எல்லோர் மனத்திலும் பதிந்துவிட்டது. 2023-24 முதல் சொந்த மைதானத்தில் ஓர் ஆட்டம், எதிரணி ஊரில் ஓர் ஆட்டம் என்ற முறை வந்தது. முதல்நிலைக் கழகங்கள் குறைந்தது 10 இந்திய ஆட்டக்காரர்களுக்கு ஆண்டுக்கு ரூ.3.2 லட்சமாவது ஒப்பந்தம் தர வேண்டும் என்று 2023இல் இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் முடிவெடுத்தது. பத்துப் பேருக்கு 32 லட்சம். பயிற்சியாளர், பிசியோ, மைதான வாடகை, ஆட்ட நாளில் வாசலில் நிற்க வேண்டிய ஆம்புலன்ஸ் எல்லாம் அதற்கு மேல். எடுத்த எடுப்பில் அங்கே போக வேண்டியதில்லை. மாநில லீக், அடுத்து இந்திய மகளிர் லீக்கின் இரண்டாம் நிலையான ஐ.டபிள்யூ.எல். 2, அதற்குப் பிறகு முதல்நிலை என்று படி இருக்கிறது. பழைய மூன்று வாரக் கணக்கை வைத்துக்கொண்டு புதிய லீக்கைக் கனவு காண்பதுதான் ஆபத்து.

பணம் நிறைய இருந்தால் பிழைத்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு அமெரிக்கக் கதை ஒன்று சொல்வேன். 1999 பெண்கள் உலகக் கோப்பையைச் சொந்த மண்ணில் வென்ற உற்சாகத்தில் அங்கே பெண்களுக்கான தொழில்முறை லீக் ஒன்றை உருவாக்கினார்கள். 2001இல் ஆட்டம் தொடங்கியது. ஐந்து ஆண்டுக்கு என்று ஒதுக்கிய 4 கோடி டாலரை முதல் ஆண்டிலேயே செலவழித்தார்கள். 2003 செப்டம்பரில், அடுத்த உலகக் கோப்பைக்குச் சில நாள்கள் இருக்கும்போது, லீக் மூடப்பட்டது. உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் அதில்தான் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆட்டத்தில் குறையில்லை, அடுப்பில் வைத்த விறகு முழுவதையும் முதல் கொதியிலேயே எரித்துவிட்டார்கள்.

எங்கள் கதை அதன் கைக்குட்டை அளவுப் பதிப்பு. ஒரே புரவலர். மூன்று ஆண்டுக்குத் தருவதாகச் சொன்னார். எட்டாம் மாதம் அவர் வீட்டில் மகள் கல்யாணம் வந்தது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒற்றைக் காலில் பந்தல் போட்டது நாங்கள்தான். அதற்குப் பிறகு மாதம் ஐந்நூறு, ஆயிரம் தரும் கடைக்காரர்களைத் தேடிப் பிடித்தோம். வசூலிக்கப் போனால் கால் தேய்கிறது, உண்மை. ஆனால் ஒருவர் நின்றுவிட்டால் அணி நிற்பதில்லை. இன்னொன்று: பணம் நிறுவனரின் சொந்தக் கணக்கில் வந்து போகக் கூடாது. சங்கமாகப் பதிவு செய்யுங்கள், 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் அதற்குத்தான் இருக்கிறது. அல்லது அறக்கட்டளை அமையுங்கள். வங்கியில் இருவர் கையெழுத்து. நண்பர்கள்தானே, எதற்கு இதெல்லாம் என்று கேட்கும் இடத்தில்தான் இது கட்டாயம் தேவை.

தாள்கள் என்றதும் நினைவுக்கு வருகிறது. வட மாநிலத்தவருக்கு அவ்வளவாக இல்லாத ஒரு தலைவலி நமக்கு உண்டு: தலைப்பெழுத்து. எங்கள் இடதுபுறப் பின்கள ஆட்டக்காரிக்குப் பள்ளிச் சான்றிதழில் தலைப்பெழுத்து முன்னால் இருந்தது. ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தது. பிறப்புச் சான்றிதழில் பெயர் எழுத வேண்டிய கட்டமே காலி. குழந்தைக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே பதிவு செய்து வாங்கிய சான்றிதழ் அது. ஒரே பெண், மூன்று தாளில் மூன்று பேர். சம்மேளனத்தின் இணையப் பதிவில் ஏற்ற உட்கார்ந்தபோது, கெடு முடிய நான்கு நாள் இருந்தது. அந்தப் பருவம் முழுவதும் அவள் பந்து பொறுக்கிப் போட்டாள். சேரும் நாளன்றே மூன்று தாளையும் வாங்கி ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பாருங்கள். திருத்தம் வாங்க மாதக்கணக்கில் ஆகும்.

அடுத்தது பூட்ஸ். இதை அற்பம் என்று நினைத்தவர்களில் நானும் ஒருவன். முதல் ஆண்டில் ஆண்கள் அணி ஒன்று கழித்துக்கட்டியதை வாங்கிக் கொடுத்தோம். எல்லாம் ஏழு, எட்டு அளவு. நம் பெண்களில் பலருக்கு நான்கு, ஐந்துதான் பொருந்தும். யாரும் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாள் பயிற்சி முடிந்து கழற்றும்போது ஒருத்தியின் பூட்ஸிலிருந்து பஞ்சு உருண்டு விழுந்தது. பக்கத்தில் இருந்தவளிடமும் பஞ்சு. மூன்றாமவள் பழைய சாக்ஸைச் சுருட்டி நுனியில் திணித்திருந்தாள். அப்படியே ஓடி, அப்படியே திரும்பி, அப்படியே உதைத்துக்கொண்டிருந்தார்கள், நாங்களோ பந்துக் கட்டுப்பாடு போதவில்லை என்று கத்திக்கொண்டிருந்தோம். இப்போது ஆளைச் சேர்க்கும் நாளன்றே வெள்ளைத் தாளில் பாதத்தை வைத்து வரைந்துகொள்கிறோம். கடையில் சின்ன அளவு இருக்காது; சொல்லிவைத்தால் வரவழைத்துத் தருவார்கள். புதுச் சீருடைக்கும் பேனருக்கும் ஒதுக்கும் பணத்தில் முதல் பங்கு காலுக்குப் போக வேண்டும்.

உடம்பைப் பற்றி இன்னும் கொஞ்சம். முழங்கால் முன்புறச் சிலுவைத் தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண் ஆட்டக்காரர்களுக்கே அதிகம் என்பது உலகெங்கும் கண்டறியப்பட்ட விஷயம். கிழிந்தால் அறுவைச் சிகிச்சை, மாதக்கணக்கில் ஓய்வு. நம் வீடுகளில் அதோடு ஆட்டமே முடிந்தது. உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் '11 பிளஸ்' என்ற முன்பயிற்சி முறை இந்தக் காயங்களைக் குறைக்கிறது. சுமார் 20 நிமிடம், பந்து தவிர வேறு கருவி வேண்டாம், காசு இல்லை. ஆனாலும் பல இடங்களில் மைதானத்தைச் சுற்றி நான்கு ஓட்டம் ஓடவிட்டு நேரே ஆட்டத்துக்குப் போகிறார்கள். மற்றொன்று இரத்தசோகை. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு அது இருக்கிறது. இரண்டாம் பாதியில் காலை இழுத்துக்கொண்டு ஓடும் பெண்ணைச் சோம்பேறி என்று திட்டுவதற்கு முன், பருவத் தொடக்கத்தில் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். அக்னி நட்சத்திரத்தில் நான்கு மணிக்குப் பயிற்சி வைக்கும் வீரம் யாருக்கும் வேண்டாம்.

சேதுவைப் பார்த்துத் தப்பாகப் பாடம் படித்தவர்களும் இருக்கிறார்கள். அந்த வெற்றி ஆண்டில் நேபாளத்தின் சபித்ரா பண்டாரி அங்கே ஆடினார். உடனே, "வெளியிலிருந்து ஒரு நட்சத்திரத்தைக் கொண்டுவந்தால் போதும்" என்று முடிவு கட்டினார்கள். கடலூர்க்காரரான இந்துமதி கதிரேசனைப் போன்ற தமிழ்நாட்டு ஆட்டக்காரர்களும் அந்தக் கழகத்தில் ஆடினார்கள் என்பது கண்ணில் படவில்லை. மணிப்பூரிலிருந்து நான்கு பேரைக் கொண்டுவருவதில் பிழையில்லை. அவர்கள் ஊருக்குப் போன பிறகு மைதானத்தில் மிச்சம் இருப்பது யார் என்று பாருங்கள். இந்துமதி காவல்துறையில் உதவி ஆய்வாளர். மாநில அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. நம் பெண்களின் வீட்டில் பந்துக்கு அனுமதி கிடைப்பதே அந்த வேலையை நம்பித்தான். ஆகவே தேர்வுக்காக இரண்டு மாதம் வராதவளைத் துரோகி என்று பேசுவதும், வேலை கிடைத்தவளுக்கு விடுவிப்புக் கடிதம் தராமல் இழுப்பதும் கழகத்தின் பெயரைத்தான் கெடுக்கும்.

லீக் நாள்காட்டியைச் சுவரில் ஆணி அடித்தது போல் நம்பவும் கூடாது. கொரோனாவால் 2020-21 பருவம் நடக்கவே இல்லை. 2022 ஆகஸ்டில் கோகுலம் கேரளா கழகத்துப் பெண்கள் ஆசியக் கழகப் போட்டிக்காகத் தாஷ்கண்ட் போய் இறங்கினார்கள். அதே சமயத்தில் இந்தியச் சம்மேளனத்தை ஃபிஃபா இடைநீக்கம் செய்ததால், ஆடாமலே திரும்பினார்கள். அவர்கள் செய்த பிழை ஒன்றுமில்லை. ஆட்டம் ரத்தானால் சம்பளம் என்ன ஆகும் என்பதை ஒப்பந்தத்தில் முன்கூட்டியே எழுதிவிடுங்கள்.

பார்வையாளர் விஷயம் சுருக்கமாக. பெண்கள் ஆட்டத்தை யார் பார்ப்பார்கள் என்று காலை எட்டு மணிக்கு, யாருக்கும் சொல்லாமல் ஆட்டத்தை வைத்துவிட்டு, கூட்டம் வரவில்லை என்று புலம்புகிறார்கள். 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலில் டிக், கெர் லேடீஸ் என்ற பெண்கள் அணியின் ஆட்டத்துக்கு 53,000 பேர் வந்தார்கள். மறு ஆண்டே இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தன் உறுப்புக் கழகங்களின் மைதானங்களைப் பெண்களுக்கு மூடிவிட்டது. அரை நூற்றாண்டு திறக்கவில்லை. கூட்டம் வராததால் போட்ட பூட்டு இல்லை அது.

கடைசியாக ஒன்று, நான் முதலில் சொல்லியிருக்க வேண்டியது. ஆண்கள் மட்டுமே நடத்தும் பெண்கள் கழகம் நீடிக்காது. பயணத்தில் ஒரு பெண் மேலாளர் கட்டாயம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டமே சொல்கிறது. பதினெட்டு வயதுக்குட்பட்டவர்கள் இருந்தால் போக்சோவும் உண்டு. மைதானத்தில் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை இருக்கிறதா என்று, இடத்தைப் பேசி முடிப்பதற்கு முன் நீங்களே உள்ளே போய்ப் பாருங்கள். எங்கள் அணியில் உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண் ஒருத்தி திடீரென்று நின்றுபோனாள். ஆட்டத்தில் ஆர்வம் குறைந்துவிட்டது என்று நாங்களே பேசி முடித்துக்கொண்டோம். ஒரு மாதம் கழித்து அவள் அப்பா வந்தார். வேலிக்கு வெளியே சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நின்று ஆட்டம் முழுவதையும் பார்த்தார். நான் பேச்சைத் தயார் செய்துகொண்டு போனேன்: அரசு வேலை, ஒதுக்கீடு, இந்துமதி. அவர் எதையும் கேட்கவில்லை.

"ஆறு மணிக்கு விட்டுவிடுவீர்களா தம்பி? ஆரப்பாளையத்தில் ஆறரை பஸ்ஸைப் பிடித்தால் ரொம்ப நேரமாவதற்குள் ஊருக்குள் வந்துவிடுவாள்."

நாங்கள் அதுவரை ஆறே முக்காலுக்கு முடித்துக்கொண்டிருந்தோம்.