கிடார் வாங்கும் முன் ஓட்டையின் விளிம்பைப் பாருங்கள்

சேலத்தில் கிடார் வாங்கக் கடை ஏறினால், கம்பியை மீட்டுவதற்கு முன் நடுவிலுள்ள வட்ட ஓட்டையின் விளிம்பில் செல்போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள். மேல்பலகையின் மரக்கோடுகள் அப்படியே விளிம்பிலும் இறங்கினால் அது ஒரே பலகை, அதாவது அடுக்கு ஒட்டாத முழு மரம். வேஃபர் பிஸ்கட் மாதிரி அடுக்கு தெரிந்தால் பிளைவுட்.

பிளைவுட்டில் மரக்கோட்டின் திசையை மாற்றி மாற்றி அடுக்குகளை ஒட்டியிருப்பதால் அதிர்வு அமுங்கும். ஒரே பலகை தாராளமாக அதிரும். கைவினைஞர் அந்தப் பலகையைத் தட்டிக் கேட்டு, அதற்கேற்ற கனத்துக்கு இழைப்பார், உள்ளே ஒட்டும் தாங்குசட்டங்களையும் சீவிச் சரிசெய்வார். ஆலையில் பெரும்பாலும் எல்லாப் பலகைக்கும் ஒரே அளவுதான். ஆனால் 'கையால் செய்தது' என்ற பேச்சை மட்டும் நம்பிப் பணத்தை எடுக்காதீர்கள். யமஹா எஃப்ஜி800 ஆலைக் கிடார்தான், அதன் மேல்பலகை ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் அடுக்கில்லாத பலகை. மலிவான கைவேலையில் பிளைவுட்டும் இருக்கும்.

விளிம்பில் பிளாஸ்டிக் பட்டையோ கறுப்புப் பெயின்ட்டோ இருந்தால் இந்தச் சோதனை பலிக்காது. அப்போது சிறு கண்ணாடியை உள்ளே விட்டு மேல்பலகையின் அடிப்பக்கக் கோடுகளை வெளிப்பக்கக் கோடுகளோடு ஒப்பிடலாம், கொஞ்சம் கண் வலிக்கும். எலக்ட்ரிக் கிடாருக்கு இது தேவையே இல்லை.

அப்புறம், ஏற்காட்டில் குடியிருப்பவர்களுக்கும், அடிக்கடி மலை ஏறி இறங்குபவர்களுக்கும் கணக்கு வேறு. சேலத்து வெயிலில் காய்ந்த ஒரே பலகை 1,500 மீட்டர் உயரத்துப் பனிமூட்டத்தில் ஈரம் இழுத்து உப்பும், கம்பி உயரமே மாறிப்போகும். அங்கே பிளைவுட் கிடாரே நிம்மதி.