பள்ளி திறக்கும் முன் பிள்ளையின் உடல்நலக் கோப்பைத் தயார் செய்வது எப்படி?

ஜூன் மாதம் நெருங்கியதும் சீருடைக்கும் புத்தகப்பைக்கும் அலைகிற பெற்றோராகிய நாம், பள்ளி தரும் உடல்நலப் படிவத்தை மட்டும் சேர்க்கை நாளன்று நின்றபடியே அவசரமாக நிரப்பிக் கொடுத்துவிடுகிறோம். தமிழ்நாட்டில் முதன்முறையாகப் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பவர்கள் அந்தப் படிவத்தையும் அதனுடன் வைக்க வேண்டிய தாள்களையும் வீட்டிலேயே நிதானமாகத் தயார் செய்யும் முறையை இங்கே விளக்குகிறேன். பல பள்ளிகளில் செவிலியர் கிடையாது. பிள்ளை மயங்கி விழும் நேரத்தில் நாம் எழுதியதைப் படித்துச் செயல்படப் போகிறவர் வகுப்பாசிரியர்தான் என்பதை மனத்தில் வைத்தே ஒவ்வொரு வரியையும் எழுத வேண்டும்.

படி 1: தடுப்பூசி அட்டையைச் சரிபாருங்கள்

தாய் சேய் நல அட்டையை எடுத்து, 16 முதல் 24 மாதத்துக்குள் போட வேண்டிய தட்டம்மை-ரூபெல்லா இரண்டாம் தவணையும் தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி மூன்றையும் தடுக்கும் முத்தடுப்பூசியின் முதல் ஊக்கத் தவணையும் (பூஸ்டர்) பதிவாகியுள்ளனவா என்று பாருங்கள். அதைவிட அதிகமாக விட்டுப்போவது, 5 முதல் 6 வயதுக்குள் போட வேண்டிய முத்தடுப்பூசியின் இரண்டாம் ஊக்கத் தவணை. கைக்குழந்தைப் பருவத்தோடு ஊசி முடிந்துவிட்டது என்று நினைத்துவிடுவதே அதற்குக் காரணம். ரணஜன்னி, தொண்டை அடைப்பான் இரண்டுக்குமான டிடி ஊசி 10 வயதிலும் 16 வயதிலும் உண்டு. விட்டுப்போன தவணையை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டணமின்றிப் போட்டுக்கொள்ளலாம். அட்டை தொலைந்திருந்தால் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவைக் கேட்டுப் பாருங்கள். அட்டையின் நகலை மட்டும் பள்ளியில் கொடுத்துவிட்டு, அசலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: படிவத்தை மறைக்காமல் நிரப்புங்கள்

இரத்த வகையைப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்தே எழுதுங்கள். ஒவ்வாமை, ஆஸ்துமா, முன்பு வந்த வலிப்பு, அறுவைச் சிகிச்சை ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். வலிப்பைச் சொன்னால் பிள்ளையை ஒதுக்கிவிடுவார்களோ என்று அஞ்சுவது இயல்பே. ஆனாலும் மறைப்பதால் வரும் ஆபத்து அதைவிடப் பெரியது என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை.

படி 3: நாள்பட்ட நோய் இருந்தால் ஒரு பக்கத் திட்டம் எழுதுங்கள்

இதுவே கோப்பின் உயிர். மருத்துவச் சீட்டுகளின் கட்டை நீட்டினால் ஆசிரியரால் அவற்றைப் படிக்க முடியாது. பிள்ளையின் படம், நோயின் பெயர், எந்த அறிகுறிக்கு என்ன செய்வது, யாரை அழைப்பது என்று ஒரே பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி, மருத்துவரிடம் காட்டிக் கையொப்பம் பெறுங்கள்.

முதல் வகை நீரிழிவு உள்ள பிள்ளைக்கு அந்தப் பக்கம் இப்படி இருக்கலாம்: “கை நடுங்கினாலோ, வியர்த்தாலோ, காரணமின்றி எரிச்சல் பட்டாலோ சர்க்கரை குறைந்திருக்கக்கூடும். உடனே 3 தேக்கரண்டி குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து கொடுக்கவும். 15 நிமிடம் கழித்து மீண்டும் சர்க்கரையைப் பார்க்கவும். தனியாக எங்கும் அனுப்ப வேண்டாம். நினைவு தப்பினால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108ஐ அழைக்கவும்.” குளுக்கோஸின் அளவைப் பிள்ளையின் எடைக்கேற்ப மருத்துவர் திருத்தித் தருவார். இத்தகைய பிள்ளைகள் மருத்துவர் அறிவுரைப்படி சர்க்கரை பார்க்கவும், இன்சுலின் போட்டுக்கொள்ளவும், இடையில் சிற்றுண்டி உண்ணவும் பள்ளிகள் அனுமதிக்க வேண்டும் என்று தேசியக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையம் 2023இல் மாநிலங்களுக்கு எழுதியுள்ளது. பள்ளி தயங்கினால் இதை எடுத்துச் சொல்லலாம்.

வலிப்பு உள்ள பிள்ளைக்கு, செய்யக்கூடாதவற்றை முதலில் எழுதுங்கள். நம் ஊரில் இன்றும் இரும்புச் சாவியைக் கையில் திணிப்பதும், பற்களுக்கிடையே கரண்டியை வைப்பதும் நடக்கின்றன. ஒருக்களித்துப் படுக்க வைத்து, கழுத்துப் பொத்தானைத் தளர்த்தி, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். 5 நிமிடத்தைத் தாண்டினால் 108ஐ அழைக்க வேண்டும். இந்தப் பக்கத்தின் நகல் வகுப்பாசிரியரோடு விளையாட்டு ஆசிரியருக்கும் வேன் ஓட்டுநருக்கும் போய்ச் சேர வேண்டும்.

படி 4: மருந்தை நேரில் ஒப்படையுங்கள்

மாத்திரையைப் பிரித்துக் காகிதத்தில் மடித்துப் பிள்ளையின் பையில் போட்டு அனுப்பாதீர்கள். பெயரும் காலாவதித் தேதியும் தெரியும் அட்டையோடு, மருத்துவச் சீட்டின் நகலையும் நீங்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதத்தையும் சேர்த்து ஆசிரியரிடம் கொடுங்கள். ஆஸ்துமாவுக்கான இன்ஹேலர் மட்டும் பூட்டிய அலமாரிக்குள் போகக்கூடாது. சாவியைத் தேடும் நேரம் மூச்சு முட்டும் பிள்ளைக்கு இருக்காது.

படி 5: பள்ளியிலேயே தரும் மாத்திரைகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

தேசியக் குடற்புழு நீக்க நாளான பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 ஆகிய தேதிகளையொட்டி அல்பெண்டசோல் மாத்திரை தரப்படுகிறது. அதை மென்று விழுங்கப் பழக்குங்கள். வாரந்தோறும் தரும் இரும்புச் சத்து மாத்திரையை வெறும் வயிற்றில் எடுத்தால் குமட்டும் என்பதால், உணவுக்குப் பின்னரே எடுக்க வேண்டும். அன்று காய்ச்சல் இருந்தாலோ, வேறு மருந்து எடுத்துக்கொண்டிருந்தாலோ, காலையிலேயே ஆசிரியருக்குத் தெரிவியுங்கள். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு அரசுப் பள்ளிகளுக்கு வந்து பரிசோதிக்கும்போது ஏதேனும் பரிந்துரைத்தால், அந்தச் சீட்டையும் கோப்பில் சேருங்கள்.

படி 6: தொற்று வந்தால் எத்தனை நாள் விடுப்பு என்று அறிந்திருங்கள்

சின்னம்மை போட்டால் மூன்றாம் தண்ணீர் ஊற்றியதும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது பல வீடுகளின் வழக்கம். தண்ணீர் ஊற்றுவது உங்கள் முறைப்படி நடக்கட்டும். ஆனால் பள்ளிக்கு அனுப்பும் முன் உச்சந்தலை, முதுகு, அக்குள் உட்பட எல்லாக் கொப்புளங்களும் காய்ந்து பொருக்குத் தட்டிவிட்டனவா என்று வெளிச்சத்தில் பாருங்கள், ஏனெனில் ஈரமான கொப்புளம் ஒன்று இருந்தாலும் தொற்று பரவும். தட்டம்மைக்குத் தடிப்பு தோன்றிய பின் 4 நாளும், பொன்னுக்கு வீங்கிக்கு வீக்கம் தொடங்கிய பின் 5 நாளும் வீட்டில் இருத்த வேண்டும். விடுப்புக் கடிதத்தில் ‘உடல்நிலை சரியில்லை’ என்று மட்டும் எழுதாமல் நோயின் பெயரை எழுதினால், அதே வகுப்பில் எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளையின் பெற்றோரை ஆசிரியர் எச்சரிக்க முடியும்.