அம்மாவோடு ஆலம் ராக் ஓடைக்கரையில் ஒரு நாள்: எப்படிப் போவது, எதைக் கவனிப்பது

சான் ஹோசேயில் இருக்கும் நமக்கு, ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் முதல் இரண்டு வாரம் கோல்டன் கேட் பாலம், லிவர்மோர் கோயில் என்று ஓடிவிடும். அதற்கப்புறம்தான் அவர்களுக்கு வீட்டின் நான்கு சுவர் தெரிய ஆரம்பிக்கும். என் அம்மா பவானிக்காரர். காவிரியும் பவானியும் சேரும் இடத்தில் வளர்ந்தவர். மூன்றாவது வாரம், "எங்காச்சும் தண்ணி ஓடற எடமாப் பாத்துக் கூட்டிட்டுப் போ கண்ணு" என்றார். அப்படித்தான் ஆலம் ராக் பூங்காவுக்குப் போனோம். அதன் பிறகு அவர் வந்த ஒவ்வொரு முறையும் போயிருக்கிறோம். முழங்கால் வலிக்காரர் ஒருவரையும் ஆறு வயதுக் குழந்தையையும் சேர்த்துக் கூட்டிப்போய்க் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

சான் ஹோசேயின் கிழக்கே மலையடிவாரத்தில், பெனிடென்சியா ஓடை ஓடும் பள்ளத்தாக்குதான் இந்தப் பூங்கா. 1872இல் தொடங்கியது, கலிஃபோர்னியாவின் மிகப் பழைய நகராட்சிப் பூங்காக்களில் ஒன்று. ஆலம் என்றால் நம் படிகாரம். பாறையில் பூத்திருந்த வெள்ளைப் பொடியைப் பார்த்துப் படிகாரப் பாறை என்று பேர் வைத்தார்கள்.

முதலில் எந்த மாதம் என்று பாருங்கள். பிப்ரவரி கடைசியிலிருந்து மே நடுப்பகுதி வரை போனால் மலை பச்சையாக இருக்கும், ஓடையில் சத்தம் கேட்கிற அளவுக்குத் தண்ணீர் இருக்கும். அக்டோபரில் ஒருமுறை போனோம். மலையெல்லாம் காய்ந்த வைக்கோல் நிறம், ஓடை நூல் மாதிரி கசிந்துகொண்டிருந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் முகத்தில் தெரிந்தது. அதே சமயம், பெருமழை பெய்த மறுநாளும் வேண்டாம். சரிவிலிருந்து மண்ணும் கல்லும் விழும், பாதைகளை அடைத்துவிடுவார்கள். கிளம்புவதற்கு முன் மாநகராட்சியின் இணையதளத்தில் திறந்திருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

சனி ஞாயிறு என்றால் ஒன்பது மணிக்குள் போய்ச் சேருங்கள். பதினோரு மணிக்கு மேல் நிழலில் மேசை கிடைப்பது கஷ்டம். பிறந்தநாள் மாதிரி பெரிய கூட்டமாகப் போவதானால் மேசைகளை முன்பதிவு செய்துகொள்ளுங்கள். பழைய ஆலம் ராக் அவென்யூ வாசல் வழியாகக் கார் போகாது. பெனிடென்சியா க்ரீக் சாலை வழியாகத்தான் வர வேண்டும். வண்டி நிறுத்தக் கட்டணம் உண்டு. நாய்க்கு அனுமதி இல்லை. பெரியவர்கள் கூட இருந்தால் முதல் பார்க்கிங்கிலேயே நிறுத்திவிடாதீர்கள். திறந்திருந்தால் உள்ளே எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் காரிலேயே போய் நிறுத்துங்கள். இறங்கியதும் முதல் வேலை, கழிப்பறை எங்கே என்று பார்த்து வைப்பது. பள்ளத்தாக்குக்குள் செல்போன் சிக்னலை நம்ப முடியாது. பின்னால் வருகிறவர்களிடம் எந்த இடத்தில் சந்திப்பது என்று வீட்டிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

உட்காரும் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அங்கிருக்கும் பிக்னிக் மேசைகளில் பலகை மேசையோடு சேர்ந்தே இருக்கும். காலைத் தூக்கி உள்ளே போட்டுத்தான் உட்கார வேண்டும். புடவை கட்டிய எழுபது வயது அம்மாவுக்கு அது நடக்கிற காரியமில்லை. முதல் தடவை அவர் பலகையின் ஓரத்தில் பக்கவாட்டில் ஒண்டிக்கொண்டு, தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார். எனக்கு மனசே ஆறவில்லை. அடுத்த முறையிலிருந்து கைப்பிடி வைத்த மடக்கு நாற்காலி ஒன்று காரிலேயே கிடக்கிறது. மற்றவர்களுக்கு பவானி ஜமக்காளம். அதையும் வெட்டிய புல்தரையில்தான் விரிக்க வேண்டும். உயர்ந்த புல்லில் உண்ணி இருக்கும். காலை வேளையில் பள்ளத்தாக்குக்குள் வெயில் இறங்க நேரமாகும், குளிரும். ஒரு சால்வையும் கனமான காலுறையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்கு அடுப்பை நம்ப வேண்டாம். காட்டுத்தீ பயம் கூடும் நாட்களில் கரி மூட்டத் தடை போட்டுவிடுவார்கள். முந்தின இரவே புளிக்காய்ச்சல் செய்து, காலையில் சோற்றை ஆறவிட்டுக் கலந்தால் புளியோதரை மதியம்தான் நன்றாக ஊறியிருக்கும். தயிர்சாதத்தில் பாதி பாலை ஊற்றிப் பிசையுங்கள், புளிக்காது. உருளைக்கிழங்கு வறுவல், மோர்மிளகாய், ஒரு பிளாஸ்கில் காபி. அதற்கு மேல் வேண்டியதில்லை.

சாப்பிடும் முன் அம்மா ஒரு பிடி சோற்றை எடுத்துக் காக்காய்க்கு வைக்க எழுந்தார். அதற்குள் எதிர்க் கிளையில் நீலப் பறவை ஒன்று வந்து உட்கார்ந்து, தலையைச் சாய்த்துத் தட்டையே பார்த்தது. "இதும் காக்கா சாதிதான், பாரு அது பாக்கற பார்வைய" என்றார். உண்மைதான். ஜே என்கிற அந்தப் பறவை காக்கைக் குடும்பம். ஆனால் அங்கே எந்த உயிருக்கும் உணவு வைக்கக் கூடாது. நம் சோறு பழகிவிட்டால் அது ஆட்களைச் சுற்றி வர ஆரம்பிக்கும், அதற்குத்தான் கெடுதல். இதைச் சொன்னதும் அம்மா அந்தப் பிடியைத் தன் தட்டிலேயே போட்டுக்கொண்டு, வீட்டுக்குப் போய் வைக்கிறேன் என்றார். டப்பாக்களை மூடியே வையுங்கள். அணிலும் மானும் காட்டு வான்கோழியும் பக்கத்திலேயே திரியும்.

இனி நான் மிகவும் அழுத்திச் சொல்ல நினைப்பது பாய்சன் ஓக் என்ற செடியைப் பற்றி. ஓடைக்கரை நெடுக இருக்கிறது. ஒரு காம்பில் மூன்று இலை, நடு இலைக்கு மட்டும் காம்பு கொஞ்சம் நீளம், தளிரில் பளபளப்பும் சிவப்பும். தோலில் பட்டால் கொப்புளிக்க வைக்கும் எண்ணெய் அதில் உண்டு; குளிர்காலத்தில் இலை உதிர்ந்து வெறும் குச்சியாக நிற்கும்போதும் இருக்கும். என் மகளின் பந்து அந்தப் புதருக்குள் போய்விட, என் மனைவி கையை விட்டு எடுத்தார். இரண்டாம் நாள் முழங்கை வரை சிவந்து கொப்புளம். ஏதோ கொசுக்கடி என்று விட்டுவிட்டோம். பந்தில் ஒட்டியிருந்த எண்ணெயை யாரும் கழுவவில்லை, அதை எடுத்து விளையாடிய மகளுக்கும் அடுத்த வாரம் வந்தது. அம்மாதான் கையைத் திருப்பிப் பார்த்து, "சேராங்கொட்டை பட்டா இப்படித்தான் ஊதும்" என்றார். தேடிப் பார்த்தேன். மா, முந்திரி, சேராங்கொட்டை, பாய்சன் ஓக் எல்லாம் ஒரே குடும்பம்! ஆகவே, பட்டுவிட்டது என்று தோன்றினால் வீட்டுக்குப் போகும் வரை காத்திருக்காதீர்கள். பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சின்னப் புட்டியில் கொண்டுபோய், குளிர்ந்த நீரில் உடனே தேய்த்துக் கழுவுங்கள். பந்து, செருப்பு, கைத்தடி எல்லாவற்றையும் சேர்த்து.

சாப்பிட்டு அரை மணி கழித்து நடக்கலாம். இளைஞர்கள் ஈகிள் ராக் ஏறி ஊரைப் பார்த்துவிட்டு வரட்டும். பெரியவர்களோடு ஓடையை ஒட்டிய அகலமான பாதையிலேயே ஊற்றுகள் வரை போங்கள். அம்மா எங்கே நின்றாரோ அங்கே நாங்களும் நின்றோம். அப்படிப் போனால்தான் அந்த இடம் கண்ணில் படுகிறது. கரையில் நம் வீட்டு விளக்கு மாடம் போலக் கல்லால் கட்டிய குழிவுகள், உள்ளே கசியும் ஊற்று, தண்ணீர் வடிந்த தடத்தில் வெள்ளையும் காவியுமாகப் படிந்த உப்பு. அம்மா குனிந்து முகர்ந்து, தீபாவளிக்கு மறுநாள் வாசல் வாடை என்றார். கந்தகம்தான். குடிக்க வேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து 1932 வரை, இந்த நீர் உடம்புக்கு நல்லது என்று ஊரிலிருந்து ரயிலில் ஜனங்கள் வந்திருக்கிறார்கள். நீச்சல் குளமும் நடனக் கூடமும்கூட இருந்தன. இன்று மிஞ்சியிருப்பவை இந்த மாடங்களும் சில கல் பாலங்களும்.

குழந்தைகள் ஓடையில் கல் அடுக்கி அணை கட்டப் பார்ப்பார்கள். என் மகளும் கட்டினாள். அன்போடு கலைக்கச் சொல்லுங்கள். கடலுக்குப் போய்விட்டு முட்டையிடத் திரும்பும் ஸ்டீல்ஹெட் மீன், சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவிலிருந்து கொயோட்டி ஓடை வழியாக இந்த ஓடைக்கு ஏறி வருகிறது. நாம் அடுக்கும் கல் அதன் வழியை மறிக்கும். இதைச் சொன்னதும் என் மகள் ஒவ்வொரு கல்லாக எடுத்து இருந்த இடத்திலேயே வைத்தாள், அப்பத்தா கரையில் நின்று எண்ணிக்கொண்டிருந்தார். பாசி படிந்த பாறை ரொம்ப வழுக்கும், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மூன்று மணிக்குக் கிளம்பிவிடுங்கள். பெரியவர்களுக்கு அதுவே அதிகம். வீட்டுக்கு வந்ததும் எல்லோரும் குளித்து, குழந்தைகளின் காது மடலுக்குப் பின்னால், முழங்கால் மடிப்பில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். போட்டிருந்த துணியைத் தனியாகத் துவைக்கப் போடுங்கள். ஜமக்காளத்தை வாசலிலேயே உதறி வெயிலில் போடுவது எங்கள் வீட்டில் அம்மா வேலை. அதற்கு முன்னால், கொண்டுவந்த அந்த ஒரு பிடி சோற்றைப் பின்கட்டுச் சுவர் மேல் வைத்துவிட்டுத்தான் வருவார்.